அணைக்கட்டின் கீழ் வாழ்வோர்: மலையகத்து ஆறுகளின் வரலாறும் நமது கடமையும்

உலக வாழ்வைக் குலைக்க வல்லதும் மழையே, குலைந்த வாழ்வை மீண்டும் நிமிர்த்த வல்லதும் மழையே என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வான்சிறப்பு அதிகாரத்தில் வைத்துப் போந்தார். இவ்வுண்மையை ஏட்டில் படித்து அறிந்தோர் பலர். மலையகத்தில் வாழும் நாமோ ஆண்டுதோறும் வைகாசி பிறந்தது முதல் அதனைக் கண்ணாரக் கண்டு அறிகிறோம். தென்மேற்குப் பருவக்காற்று சிவனொளிபாத மலையை மோதும்பொழுது கொழுந்து தளிர்க்கிறது. பீலிகளில் நீர் நிறைகிறது. நாடெங்கும் விளக்கு எரிகிறது. அதே மழை இரண்டு நாள் விடாது பெய்தால், வான்கதவுகள் திறக்கப்படலாம், ஆற்றோரத்தார் அவதானமாயிருக்க என்ற அறிவித்தல் வருகிறது. அந்த அறிவித்தலைக் கேட்டுப் பிள்ளைகளையும் கிழவர்களையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறவர்களிற் பெரும்பாலோர் நம்மவர்கள்.

நமது சமய மரபில் வெள்ளத்தைப் பற்றிய பெருங்கதை ஒன்றுண்டு. வையை பெருகி மதுரையை அழிக்க வந்தபொழுது, கரையை அடைக்கும் வேலையைப் பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்காக அளந்து கொடுத்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு வந்தது. ஆள் இல்லாத அவளுக்காக இறைவனே கூலியாளாய் வந்து மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார், அந்த அடி அரசன் முதல் அனைவர் முதுகிலும் பட்டது என்று திருவிளையாடல் கூறும். பக்தியின் பெருமையை இக்கதையில் காண்கிறோம். கூடவே ஊர் வாழ்வின் நீதி ஒன்றும் அதில் அடங்கியிருக்கிறது. கரையில் ஒருவர் பங்கு அடைபடாது விடப்பட்டால் அவ்விடைவெளி வழியே வரும் வெள்ளம் ஊர் முழுவதையும் கொள்ளும். எளியவரின் பங்கை யார் சுமப்பது என்ற கேள்விதான் அக்கதையின் கேள்வி. மலையகத்து அணைகளின் வரலாற்றை நோக்கும்பொழுது அதே கேள்வி நம்முன் வந்து நிற்கிறது.

இரண்டு ஓயாக்களும் ஒரு கங்கையும்

அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் ஆகிய ஊர்களின் நீரெல்லாம் இரண்டு ஓயாக்களிற் சேர்கிறது. ஒன்று பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு வழியே வரும் கெசல்கமுவ ஓயா. மற்றது சிவனொளிபாத மலைச்சாரலின் நீரைக் கொண்டுவரும் மஸ்கெலியா ஓயா. இவ்விரண்டும் மலையை விட்டிறங்கிப் பொல்பிட்டிய அருகே கலந்து களனி கங்கையாகின்றன. அக்கங்கை கித்துள்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாக ஓடிக் கொழும்பின் வடபுறத்தே கடலில் விழுகிறது. அதன் முழு நீளம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்.

இது நீண்ட ஆறு அன்று. ஆனால் அது இறங்கும் உயரமும், அதன் தலைப்பில் பெய்யும் மழையும் பெரியவை. வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன் பகுதி இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் பகுதி. அங்கே ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். செங்குத்தான மலை, குறுகிய பள்ளத்தாக்கு, ஓயாத மழை என்ற மூன்றும் கூடிய இடத்தில் ஓடை ஆறாவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

மலையின் மறுபக்கம் அக்கரப்பத்தனை, டயகம, லிந்துலை, நானுஓயா ஆகிய பகுதிகளின் நீர் கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, தலவாக்கலையைக் கடந்து மகாவலி கங்கைக்குச் செல்கிறது. ஆகவே ஒரே மலைத்தொடரில் பெய்யும் மழை ஒருபுறம் கொழும்புக்கும் மறுபுறம் திருகோணமலைக்கும் போகிறது. இரு பக்கத்துக்கும் தலைமாட்டில் இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்.

காடு தோட்டமான காலம்

நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மலைகள் பெருங்காடாயிருந்தன. காப்பிப் பயிருக்காக அக்காடு வெட்டப்பட்டது. 1869ஆம் ஆண்டில் காப்பி இலைநோய் தோன்றி, பின்வந்த ஆண்டுகளில் அப்பயிர் அழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை சில பத்தாண்டுகளில் மலையெங்கும் பரவியது. 1884இல் புகையிரதம் அட்டனை அடைந்தது. அடுத்த ஆண்டில் நானுஓயாவை எட்டியது.

காடு இருந்தபொழுது மழைநீர் இலையிலும் வேரிலும் மண்ணிலும் தங்கித் தாமதமாக இறங்கிற்று. காடு போனபின் நீரும் மண்ணும் சேர்ந்து விரைந்து இறங்கின. ஆதலால் அணை கட்டுவதற்கு முன்னரே நம் ஆறுகளின் இயல்பு மாறிவிட்டது என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோருக்குக் கட்டப்பட்ட லயங்கள் எங்கே அமைந்தன? நல்ல மண்ணுள்ள சரிவு தேயிலைக்கு. காற்றும் காட்சியும் உள்ள மேடு துரையின் பங்களாவுக்கு. எஞ்சிய பள்ளத்திலும் ஓடையோரத்திலும் பல லயங்கள் எழுந்தன. குடிக்கவும் குளிக்கவும் நீர் அருகே வேண்டும் என்பதும் ஒரு காரணமே. தேயிலை ஸ்டோர்கள் பலவும் நீர்ச்சக்கரம் சுழற்றுவதற்காக ஓடையை ஒட்டியே நின்றன. அன்று வசதியென்று தோன்றிய அவ்விடம், ஆற்றின் மேற்பகுதியில் அணை எழுந்தபின் வேறு பொருள் கொண்டதாகிவிட்டது.

விமலசுரேந்திரவின் கனவு

மலையகத்து நீரில் மின்சக்தி உறங்குகிறது என்பதை நாட்டுக்கு எடுத்துரைத்த பெருமை பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்களுக்கு உரியது. காலியில் 1874இல் பிறந்த அவர், இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் 1918ஆம் ஆண்டில் படித்த கட்டுரையில், களனியின் தலையாறுகளில் விழும் நீரைக்கொண்டு நாட்டின் கைத்தொழிலுக்கும் புகையிரதத்துக்கும் வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அன்றைய ஆட்சியாளர் பலர் அதை நம்பவில்லை. 1920களில் தொடங்கிய வேலை இடைநடுவில் நின்றது; பின்னர் உலகப் போர் குறுக்கிட்டது. ஒரு தலைமுறைக் காலம் கழிந்தபின், 1950ஆம் ஆண்டில், கெசல்கமுவ ஓயாவின் குறுக்கே நோர்ட்டனில் அணை கட்டப்பட்டு லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. தமது கனவு நனவானதைக் கண்டபின்னரே, 1953இல், அப்பெரியார் காலமானார்.

நோர்ட்டன் அணையின் பின்னே தேங்கும் நீர் சிறிது. ஆகவே மழைக்காலத்து வெள்ளத்தைக் கோடைக்குச் சேமிக்கப் பெரிய நீர்த்தேக்கங்கள் வேண்டியிருந்தன. அதற்காகவே மேலே காசல்ரீ அணை எழுந்தது. அதன் நீரைக்கொண்டு 1965இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரே சூட்டப்பட்டது. மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவெய்தியது. அதே ஆண்டில் பொல்பிட்டிய நிலையமும் இயங்கியது. 1974இல் புதிய லக்ஷபான நிலையமும், 1983இல் கெனியன் நிலையமும் சேர்ந்தன. இவ்வாறு இரண்டு சிறிய ஓயாக்களின் மீது அணைக்குக் கீழ் அணையாக ஒரு படிக்கட்டே அமைந்துவிட்டது. மேற்படியில் வழியும் நீர் கீழ்ப்படிக்கு வரும். கீழ்ப்படி நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளோரிடம் வரும்.

மூழ்கியதும் எழுந்ததும்

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் சென்றது. மக்கள் இன்றைய நகரத்துக்கு மாறினர். கடுங்கோடையில் நீர்மட்டம் இறங்கும்பொழுது பழைய நகரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்படுவதுண்டு. மூன்று சமயத்தாரும் தத்தம் முன்னோர் வழிபட்ட இடத்தைக் காண அங்கே செல்கின்றனர். நீர் யாருடைய சமயத்தையும் விசாரித்து மூழ்கடிப்பதில்லை என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வணைகள் எழுந்த காலத்து நம்மவர் நிலை யாது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அச்சமூகத்தின் பெரும்பகுதியை வாக்கில்லாதோராக்கின. நோர்ட்டன் அணை 1950இல் திறக்கப்பட்டபொழுது, அதைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களிற் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என விடப்பட்டது. காசல்ரீயும் மவுசாகலையும் நிறைந்துவந்த அதே ஆண்டுகளில் நம் குடும்பங்கள் இந்தியாவா, இலங்கையா என்று அறியாது மனுப்பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. நீருக்குத் தேங்க இடம் அளந்து கொடுத்த காலத்தில், மனிதருக்கு நிற்க இடம் இன்னும் முடிவாகவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தால் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். லக்ஷபானவின் மின்கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகக் கொழும்புக்குச் சென்றன. அக்கம்பிகளுக்குக் கீழே இருந்த லயக் காம்பராக்களிலோ பல ஆண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. அணையின் பயன் தொலைவிலும் அதன் அபாயம் அருகிலும் இருந்த நிலை அது. அணை கட்டியவர்கள் மீது பகைகொள்ள இதனைக் கூறவில்லை. மின்சாரம் நாட்டுக்கு இன்றியமையாதது; அதன் ஒளியில் நம் பிள்ளைகளும் இன்று படிக்கிறார்கள். பயனில் எல்லோருக்கும் பங்கு உண்டெனின், பாதுகாப்பிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதே நமது வாதம்.

கொத்மலைப் பக்கம்

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1985இல் கொத்மலை அணை முடிவுற்றது. 87 மீட்டர் உயரமும், ஏறத்தாழ 17 கோடியே 40 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவும் உள்ள பெருந்தேக்கம் அது. அதற்கும் மேலே, தலவாக்கலையில், ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாற் வலுவுடன் இயங்கத் தொடங்கிற்று. சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் அழகு குன்றும், மண்சரிவு நேரும், மக்கள் இடம்பெயர நேரும் என்று மலையகத் தலைவர்களும் சுற்றாடல் அன்பர்களும் நெடுங்காலம் எதிர்த்த திட்டம் அது. ஆற்றோரத்தில் வாழ்ந்த குடும்பங்கள் புதிய வீடுகளுக்கு மாற்றப்பட்டன.

கொத்மலையைப்போல மேல் கொத்மலை பெருந்தேக்கம் அன்று. அதன் வேலை நீரைத் தடுத்துச் சுரங்கத்துள் திருப்புவது. பருவ மழையைச் சேமிக்கும் வயிறு அதற்கில்லை. ஆதலால் அக்கரப்பத்தனை, டயகம பக்கம் பெருமழை பெய்தால் விரைவில் அது நிறைந்து வான்கதவு திறக்க நேரிடுகிறது. சிறு தேக்கங்கள் எல்லாவற்றுக்கும் இவ்வியல்பு பொது. பெரிய அணையைக் கண்டு அஞ்சுவோர் சிறிய அணையைக் கண்டு அலட்சியம் செய்வது தவறாகும்.

வான் பாய்தல் என்றால் என்ன?

குளம் நிறைந்து மிகுநீர் வெளியேறும் வழியை ஈழத்துத் தமிழர் 'வான்' என்பர்; தமிழகத்தார் 'கலிங்கு' என்பர். பண்டைக் குளங்களைக் கட்டியோர் அணையின் உயிர் வானில் உள்ளது என்பதை அறிந்திருந்தனர். மிகுநீர் போக வழியில்லாத அணையின் மீது நீர் ஏறும். மண்ணணையின் மீது நீர் ஏறினால் அதை அரித்து உடைக்கும். ஆகவே வான்கதவு திறப்பது அணையைக் காக்கும் செயல்; அணையைக் காப்பது கீழே உள்ளோரை மிகப்பெரிய அழிவிலிருந்து காக்கும் செயல். இதனை நம் மக்கள் தெளிவாக உணர வேண்டும். வான் பாய்கிறது என்று கேட்டவுடனே "அணை உடைந்துவிட்டது" என்று கதை பரப்புவது பேதைமை. ஓடும்பொழுது விழுந்து அடிபடுவோரும் உண்டு.

சில அணைகளில் நீர் ஒரு குறித்த மட்டத்துக்கு மேல் உயர்ந்ததும் தானே மேவிப் பாயும். காசல்ரீ மேவிப் பாய்கிறது என்ற செய்தி மழைக்காலத்தில் நாம் கேட்டுப் பழகியது. வேறு சிலவற்றில் இரும்புக் கதவுகள் உண்டு. லக்ஷபான, மேல் கொத்மலை ஆகியவை அவ்வகையின. தானே மேவும் அணையில் நீர் படிப்படியாக ஏறும். கதவுள்ள அணையில், கதவு எத்தனை, எவ்வளவு உயரம், எவ்வளவு விரைவாகத் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துக் கீழே ஆறு திடீரென உயரலாம்.

வினாடிக்கு 100 கன மீட்டர் நீர் விடப்படுகிறது என்று அறிவித்தால் அதன் பொருள் என்ன? ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு தொன். ஆக வினாடி ஒவ்வொன்றுக்கும் 100 தொன் எடை ஆற்றில் உருண்டு வருகிறது என்பதாம். பாறையும் மரமும் அதனோடு வரும். முழங்கால் அளவே ஆழமுள்ள வேகநீர் வளர்ந்த ஆளையும் சாய்க்கும்.

இன்னொரு இயல்பு மிகவும் முக்கியமானது. அணைக்குக் கீழே வாழ்வோர் தம் தலைமேல் உள்ள வானத்தைப் பார்த்து ஆற்றை அளக்க முடியாது. மழை மேலே பல மைல் தூரத்தில் பெய்திருக்கும்; கீழே வெயில் எறிக்கும்; துணி துவைப்போரும் குளிப்போரும் மணல் எடுப்போரும் ஆற்றில் இருப்பர். அந்நேரம் நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்து, பாறைகளுக்கிடையே ஓசை மாறினால் அதுவே அறிகுறி. அதைக் கண்டவர் பொருளை எடுக்கத் திரும்பாது கரையேற வேண்டும்.

வரலாறு தரும் படிப்பினை

அணைகளே வெள்ளத்துக்குக் காரணம் என்பாரும், அணைகள் இருப்பதால் வெள்ளம் வராது என்பாரும் வரலாற்றை அறியாதவர். 1947 ஓகஸ்டில் களனியில் வந்த பெருவெள்ளம், அவ்வாற்றின் தலைப்பில் பெரிய அணை எதுவும் இல்லாத காலத்தது. 1989 ஜூனில் வந்த பெருவெள்ளம், எல்லாப் பெரிய அணைகளும் நின்ற காலத்தது. அணையில் இடம் இருக்கும்வரை அது வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். நிறைந்தபின் வருகிற நீரை அப்படியே கீழே விடும். ஆகவே, பெருமழைக்கு முன் அணையில் எவ்வளவு இடம் விடப்பட்டிருந்தது என்பதே கேள்வி. மின்சாரத்துக்காக நிறைத்து வைக்க வேண்டும். வெள்ளத்துக்காக வெறுமையாக்கி வைக்க வேண்டும். இவ்விரு கடமைகளுக்கும் இடையே பொறுப்பதிகாரி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இம்முடிவு தாமதமானால் நேர்வதைச் சென்னை மாநகரம் 2015இல் கண்டது. டிசம்பர் முதலாந் திகதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டது. இரவில் வீடுகளுள் நீர் புகுந்தது. இந்தியக் கணக்காய்வு அறிக்கை ஒன்று, 2018இல், அவ்வழிவை மனிதர் செய்கையால் நேர்ந்தது என்று கண்டது. கேரளத்தில் 2018 ஓகஸ்டில் இடுக்கியின் செறுதோணிக் கதவுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. பெருமழை வருமுன்னரே அணைகள் நிறைந்திருந்தமை பற்றி அங்கே நெடிய விவாதம் நடந்தது.

அணை உடைவது வேறு விடயம். அது அரிது, ஆயினும் மிகக் கொடிது. நம் நாட்டில் 1986 ஏப்ரல் 20ஆந் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குஜராத்தில் 1979 ஓகஸ்ட் 11ஆந் திகதி மச்சு அணை உடைந்து மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். வேண்டிய நேரத்தில் எச்சரிக்கை அந்நகரை எட்டவில்லை.

எச்சரிக்கை எட்டினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் இனத்தின் சோகமே சாட்சி. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மண்மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கிருந்தோர் போய்த் தங்கச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. போக இடமில்லாதவனுக்கு "போ" என்று கூறுவது எச்சரிக்கையாகாது.

அதன்பின் பதினோராண்டுகள் கழித்து, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் பெருஞ்சேதமுற்றன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. எந்த மழை எச்சரிக்கையை வேண்டியதாக்குகிறதோ, அதே மழை எச்சரிக்கை வரும் வழியையும் அறுத்துவிடுகிறது என்பது அந்நாட்களிற் புலனாயிற்று.

எச்சரிக்கை கடைசிக் காம்பராவை அடையுமா?

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 117 என்னும் இலக்கத்தில் அதனோடு பேசலாம். மாவட்டம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று செய்தி இறங்கும் வழியும் உண்டு. குறை இவ்வழியின் கடைசிப் பகுதியில் உள்ளது. ஒரு கிராம உத்தியோகத்தரின் பிரிவில் பல தோட்டங்களும், ஒரு தோட்டத்தில் பல டிவிசன்களும், டிவிசன்களில் மலைக்கப்பாலும் ஆற்றுக்கப்பாலும் லயங்களும் இருக்கின்றன. நள்ளிரவில், கொட்டும் மழையில், அந்தக் கடைசி லயத்தின் கதவைத் தட்டுவது யார்?

மொழியும் இங்கே கவனிக்கத்தக்கது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆகவே அணையோரப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் தமிழ் கேட்பது சலுகை அன்று, உரிமை. இரவில் வரும் எச்சரிக்கையில் ஒரு சொல் விளங்காமற் போவதும் உயிருக்கு ஆபத்து.

இடம் என்பது மூன்றாவது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம்; அதில் வாழ்வோர் தாமே வேறிடத்தில் வீடு கட்ட முடியாத நிலை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. அண்மைக்காலத்தில் இந்திய உதவியுடனும் அரசாங்கத் திட்டங்களாலும் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. அவ்வீடுகளை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வகுக்கும்பொழுது, ஆற்றோரத்தில் வாழ்வோரையும் சரிவின் கீழ் வாழ்வோரையும் முன்வரிசையில் வைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. காணியுறுதி ஒன்று கையில் இருப்பவன் எச்சரிக்கையைக் கேட்டு மேட்டுக்குச் செல்வான். திரும்பி வரத் தனக்கு ஓரிடம் உண்டு என்ற தைரியம் அவனுக்கு இருக்கும்.

வாலிபர் சங்கத்தின் பணி

அரசாங்கம் செய்ய வேண்டுவதைக் கேட்போம். அதற்கிடையில் நாம் செய்யக்கூடியவை சிறியன அல்ல.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஆற்றுக்கு அண்மையில் உள்ள லயங்களையும், அவற்றுள் முதியோர், நோயாளர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகளையும் சங்க உறுப்பினர் கணக்கெடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். இரவில் யார் யாரைத் தூக்கி வருவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பெரியவர்களிடம் கேட்க வேண்டும். எந்த ஆண்டில் நீர் எந்தப் படிவரை ஏறியது, எந்த ஓடை எப்பொழுது வழிமாறியது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் உள்ளன. அவர்கள் காட்டும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இட்டு ஆண்டையும் எழுதிவைத்தால், அதுவே நம் ஊர் வரலாற்றின் கல்வெட்டாகும். ஏட்டு வரலாற்றில் நம் லயங்களுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் அந்தக் கோடு ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும்.

மூன்றாவது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றால் செய்தி சொல்ல நம்மிடம் பழைய கருவிகள் உண்டு. கோயில் மணி உண்டு. அன்று பிரட்டுக்கு ஆளெழுப்பிய தப்பு உண்டு. எத்தனை அடி அடித்தால் ஆற்றோரத்தை விட்டு எழ வேண்டும் என்று தோட்டம் முழுவதும் அறிந்த ஓர் அடையாளத்தை வகுத்துக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் ஐப்பசியிலும், ஒத்திகை பார்க்க வேண்டும். தொழிலுக்கு எழுப்பிய தப்பு உயிர் காக்கவும் ஒலிக்கட்டும்.

நான்காவது, மேட்டிலுள்ள கோயில் மண்டபத்தையோ பாடசாலையையோ முன்கூட்டியே ஒழுங்கு செய்து, அரிசி, விறகு, குடிநீர், போர்வை ஆகியன வைக்கும் இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். அங்கே வருவோரிடம் சமயமும் மொழியும் கேட்கப்படலாகாது. பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே நீரின் கீழ் கிடப்பதை நாம் மறவோம்.

ஐந்தாவது, ஆற்றில் கழிவும் குப்பையும் கொட்டுவதையும், கரையில் உள்ள மரம் மூங்கிலை வெட்டுவதையும் நாமே நிறுத்த வேண்டும். அடைபட்ட மதகும் வெறுமையான கரையும் வெள்ளத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் அழைப்பிதழ்கள்.

இவை யாவும் பெரும் பணம் வேண்டாத பணிகள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஓராண்டில் செய்து முடிக்கலாம்.

பெரியோர்களே, உங்கள் நினைவை எங்களுக்குத் தாருங்கள். வாலிப நண்பர்களே, உங்கள் தோளைத் தாருங்கள். விமலசுரேந்திர கண்ட கனவால் நாட்டுக்கு ஒளி வந்தது. அவ்வொளிக்காகத் தேங்கிய நீரின் கீழே, கெசல்கமுவ ஓயாவின் கரையிலும் மஸ்கெலியா ஓயாவின் கரையிலும் கொத்மலை ஓயாவின் கரையிலும் உறங்குகின்ற ஒவ்வொரு குடும்பமும் விடியலில் நலமாக எழ வேண்டும். வந்தியின் பங்குக் கரை இன்னும் அடைபடாமல் இருக்கிறது. மண்ணும் கூடையும் எடுக்க நாம் முன்வருவோமாக.